"அக்கா, 4.9-னு போடுங்களேன்"

எங்கள் செம்பனை ஆலையின் லேப்பில் ஒரு நாளைக்கு எத்தனையோ எண்களை எழுதுகிறோம். பிழிந்த நாரில் எவ்வளவு எண்ணெய் தங்கிப்போனது, கழிவுநீரோடு எவ்வளவு ஓடிப்போனது, பருப்பில் எவ்வளவு ஓட்டுத்தூள், பாய்லர் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பெரிய தாள் நிறைய எண்கள். அவற்றுக்காக யாரும் என்னிடம் குழைந்து பேசியதில்லை. எஃப்.எஃப்.ஏ., அதாவது எண்ணெயில் பிரிந்து கிடக்கும் கொழுப்பு அமிலத்தின் விழுக்காடு, என்ற ஓர் எண்ணுக்கு மட்டும் லேப் வாசல் தேடி வந்து தே தாரிக் வாங்கித் தருவார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குலையை அறுத்துக் கீழே தள்ளும்போதே பழம் அடிபடும். அடிபட்ட இடத்தில், பழத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி எண்ணெயைப் பிரித்துக் கொழுப்பு அமிலமாக்கத் தொடங்கிவிடும். ஸ்டெரிலைசரில் ஏற்றி நீராவியில் வேகவைத்தால்தான் அது அடங்கும். அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு வர வேண்டும் என்று தோட்டத்தில் விரட்டுவது இதனால்தான். லோரி சேற்றில் மாட்டினாலும் அந்த அமிலம் ஏறும், ஆலையில் குலை இறக்கும் ரேம்ப்பில் குவிந்து கிடந்தாலும் ஏறும். கச்சா எண்ணெய் விற்பனை ஒப்பந்தங்களில் வழக்கமான உச்சவரம்பு 5 விழுக்காடு. தாண்டினால் வாங்குகிறவர் விலையில் கழித்துக்கொள்வார். ஆக, நான் தாளில் 5.2 என்று எழுதினால் ரேம்ப்பில் நிற்பவர் முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் அன்றைக்குத் தலைவலி.

"அக்கா, 4.9-னு போடுங்களேன். 0.3-ல என்னலா வந்துரப் போவுது?"

போட மாட்டேன். நான் ஒன்றும் அரிச்சந்திரன் பரம்பரை கிடையாது. டேங்கர் லோரி எங்கள் கேட்டைத் தாண்டியதும் கதை முடிந்துவிடாது, அவ்வளவுதான். சுத்திகரிப்பு ஆலைக்காரர்களுக்கும் லேப் இருக்கிறது, அவர்களும் சோதிப்பார்கள். ஊத்தான் மெலிந்தாங்கில் ஏற்றிவிட்ட பொய் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும்போது மாட்டிக்கொள்ளும். அப்புறம் நான் எழுதுகிற எந்த எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள். நம்ப முடியாத எண்ணை எழுத எதற்கு ஓர் ஆள், எதற்கு ஒரு சம்பளம்?

இதை இப்போது எழுதக் காரணம் அண்ணன் மகன். ஷா ஆலாமில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். "அத்தை, இவன விட்டுட்டா நமக்குத்தான் நட்டம்னு கம்பெனி நெனைக்கணும். அதுக்கு என்ன செய்யணும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். அவன் பார்க்கிற வீடியோக்கள் எனக்கும் வருகின்றன. கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே, காலை 5 மணிக்கு எழுந்திரு, பாஸ் வருவதற்கு முன்னால் வா, பாஸ் போன பிறகு போ என்று முழங்குவார். 5 மணிக்கு எழுந்திருப்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வந்து சொல்லித்தருகிறார் பாருங்கள்.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். சபாக் பெர்ணம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். இருட்டோடு பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கிவிடுவார். விடியும் முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் இறங்கி ஓட்டம் மட்டுப்பட்டுவிடும். எழுந்திருப்பது பெரிய விஷயமே இல்லை, எல்லாரும்தான் எழுந்தார்கள். கத்தியை வைக்கிற விதத்தில்தான் ஆளுக்கு ஆள் வேறுபட்டார்கள். பட்டைக்கு அடியில், மரத்தை ஒட்டி, மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது. அதைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை மிச்சம் விட்டு வெட்ட வேண்டும். தொட்டுவிட்டால் காயம். பிறகு அந்த இடத்தில் புதுப் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், மறுசுற்றில் கத்தி ஓடாது. தடிமனாகச் சீவினாலும் பட்டை சீக்கிரம் தீர்ந்துபோகும். அவசரக்காரர்கள் ஆழமாக இழுத்து இன்றைக்கு இரண்டு மங்கு பால் கூடுதலாகப் பார்ப்பார்கள். அப்பா வெட்டிய மரங்களில் ஆறின பட்டையைக் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன், ஒரு முடிச்சு தட்டுப்படாது.

ஆனால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஏறியது அன்றைய பாலின் எடை மட்டும். பட்டையை மிச்சம்பிடித்தவன் என்று எழுத அதில் கட்டமே கிடையாது. தண்டலுக்குத் தெரியும். கிராணியாருக்கும் தெரிந்திருக்கலாம். பிறகு தோட்டம் கைமாறியது. பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். வருங்காலத்துக்கென்று அப்பா காப்பாற்றி வைத்திருந்த பட்டை மொத்தமும் புல்டோசருக்குப் போனது. அவர் எப்பேர்ப்பட்ட வெட்டுக்காரர் என்பதைப் புதிதாக வந்த நிர்வாகத்திடம் சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

நம் ஊர்களில் விசுவாசம் என்று பெருமையாகப் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும் என்ற நிலையில் ஒரே இடத்தில் கிடந்ததை விசுவாசம் என்று எப்படிச் சொல்வது? 1950-களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கி, வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றுக் காசு பார்த்தபோது, தலைமுறையாக உழைத்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு நின்றார்கள். துண்டாடல் என்று தாத்தா அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரல் மாறும். அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொழிலாளிகளிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் சங்கமே தோட்டங்களை வாங்கியது. தாத்தாவும் ஒரு பங்கு எடுத்திருந்தார். துரைக்கு அவர் எவ்வளவு உழைத்தார் என்பதற்கு வீட்டில் ஒரு அத்தாட்சியும் இல்லை. தகரப் பெட்டியில் அந்தப் பங்குச் சான்று மட்டும் இருந்தது.

சரி, அண்ணன் மகனுக்கு வருகிறேன்.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு நான் இந்த ஆலைக்கு லேப் உதவியாளாகத்தான் வந்தேன். குடுவை கழுவுவது, மணிக்கொருதரம் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மாதிரி எடுத்து வருவது. எஃப்.எஃப்.ஏ. பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் பொறுமைசாலி. எண்ணெயை நன்றாகக் கலக்கிச் சில கிராம் கூம்புக் குடுவையில் நிறுத்து, நடுநிலையாக்கிய ஆல்கஹாலை ஊற்றிச் சூடாக்கி, நிறம் காட்டும் பினால்ப்தலீன் சில சொட்டு விட வேண்டும். அப்புறம் பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக இறங்கும். வலது கை குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க, இடது கை குழாயில் இருக்கும். எண்ணெயே ஆரஞ்சு நிறம், அதில் ரோஸ் நிறம் வந்ததா இல்லையா என்பது புதியவர்களுக்கு லேசில் பிடிபடாது. வந்த மாதிரி இருக்கும், ஒரு சுழற்றில் காணாமல் போய்விடும். 30 விநாடி நிலைத்து நின்றால்தான் கணக்கு. செலவான மில்லிலிட்டரை 25.6-ஆலும் கரைசலின் திறனாலும் பெருக்கி, நிறுத்த எண்ணெயின் எடையால் வகுத்தால் விழுக்காடு வந்துவிடும்.

4.9 போடச் சொல்கிறவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. 5.02 வர வேண்டியதை 4.98 ஆக்குவதற்குத் தாளில் பொய் எழுதவே வேண்டாம். இரண்டு சொட்டுக்கு முன்னாலேயே நிறம் வந்துவிட்டது என்று குழாயை மூடினால் போதும். அந்த வித்தியாசத்தை எந்தச் சுத்திகரிப்பு ஆலையிலும் பிடிக்க முடியாது. பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. உழைப்பு, ஒழுக்கம் என்று மேடையில் பேசுகிறார்களே, என் வேலையில் அது அந்த இரண்டு சொட்டில்தான் இருக்கிறது. வியர்வைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லேப்பில் ஏர்கோன் ஓடும்.

எண்ணைச் சரியாக எழுதியதால் என் சம்பளம் ஏறியது என்று நினைத்துவிடாதீர்கள். சரியாக எழுதுவது வேலைக்கு வந்ததற்கான கூலி. அதற்கு மேல் யாரும் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் தேவையில்லை.

ஏறியது வேறொன்றால். திங்கட்கிழமை எண் ஏன் எப்போதும் முறைத்துக்கொண்டு நிற்கிறது என்று எனக்கு ஒரு குடைச்சல். லேப்பில் உட்கார்ந்து யோசித்தால் விடை வராது என்று, பசியாறும் நேரத்தில் ரேம்ப்புக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே குலைகளைத் தரம் பிரிக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷத்தில் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். குலையில் பழம் உதிர்ந்த குழி குறைந்தது பத்தாவது தெரிந்தால்தான் பழுத்தது என்று ஏற்பார்கள். குழியே இல்லாவிட்டால் அது காய், எண்ணெய் தேறாது. காம்பை நீளமாக விட்டு அனுப்பினால் அதுவும் எடை மேடையில் பழத்தோடு சேர்ந்துகொள்ளும். உதிரிப் பழத்தில் எண்ணெய் அதிகம், ஆனால் மண்ணோடும் கல்லோடும் அள்ளிக்கொண்டு வந்தால் இயந்திரத்துக்குக் கேடு. எந்த லோரி எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை மணிக்கு வந்தது, குலை அன்று அறுத்ததா முந்தாநாள் அறுத்ததா என்று காம்பு வெட்டுவாயின் நிறத்தைப் பார்த்தே சொல்வார்.

நான் என் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கினேன். "சனி அறுப்பு, ஞாயிறு முழுக்க ரோட்டோரம்." "மழை. கடைசி லோரி இரவு 11." "ஸ்டெரிலைசர் கதவு பழுது, குலை காத்திருந்தது." யாரும் கேட்கவில்லை, அதற்கென்று கட்டமும் இல்லை. சில மாதம் போனதும் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரிந்தது. சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு அறுத்த குலை ஆலைக்கு வராமல் தோட்டத்திலேயே கிடந்த வாரங்களில்தான் திங்கள் எண் எகிறியிருந்தது. மாதக் கூட்டத்தில் யார்மேல் தப்பு என்று வழக்கம்போல் பந்தாடிக்கொண்டிருந்தபோது அந்தத் தாள்களை மேனேஜரிடம் நீட்டினேன். தோட்டத்தோடு பேசி, சனிக்கிழமை கடைசி லோரியை மாலையில் அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். அதன் பிறகு எண் ஏறினால் மேனேஜர் முதல் போனை எனக்குத்தான் போடுவார், என்ன நடந்தது என்று கேட்க.

ஒரு முதலாளி கூடுதலாகப் பணம் கொடுப்பது இந்தப் போனுக்குத்தான் என்பது என் கணிப்பு. எண்ணோடு காரணமும் வருகிறது, அது சரியாகவும் இருக்கிறது, தானே போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்றால் அவர் தலையிலிருந்து ஒரு சுமை இறங்குகிறது. கிடங்கிலும் இதேதான். சரக்குக் கணக்கு 12 பெட்டி குறைகிறது என்று சொல்ல ஸ்கேனரே போதும். வியாழக்கிழமை திரும்பி வந்த சரக்கை யாரோ தப்பான அடுக்கில் ஏற்றிவிட்டார்கள் என்று சொல்ல ஆள் வேண்டும்.

இதில் ஒரு குறுக்கு வழியைப் பலரும் பிடிக்கிறார்கள். தெரிந்ததை யாருக்கும் சொல்லித்தராமல் வைத்துக்கொண்டால் நம்மை அசைக்க முடியாது என்று. எங்கள் ஆலையில் பிரஸ் ஓட்டும் ஒருவர் அப்படித்தான் இருந்தார். திருகு பிரஸ்ஸை இறுக்கினால் கொட்டை உடையும், தளர்த்தினால் நாரோடு எண்ணெய் போகும். நடுவில் அந்த இடத்தை அவர் மீட்டரைப் பார்க்காமல் சத்தத்திலேயே பிடிப்பார். பெரிய வித்தைதான். பக்கத்தில் யாராவது கற்றுக்கொள்ள நின்றால் பேச்சை நிறுத்திவிட்டு வேறு பக்கம் போய்விடுவார். சூப்பர்வைசர் இடம் காலியானபோது மூப்புப்படி அவருக்கு வந்திருக்க வேண்டும். அவரைத் தூக்கி அங்கே போட்டால் பிரஸ்ஸை யார் ஓட்டுவது என்று சொல்லி, அவரிடம் வேலை பழக வந்த ஒருவருக்கே கொடுத்துவிட்டார்கள். அவர் கட்டிய வேலிக்குள் அவரே மாட்டிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு நம் இடத்துக்கே ஆள் போட்டுவிடுவார்கள் என்ற பயம் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ரத்தத்தில் ஊறினது. சும்மா வந்த பயமும் இல்லை.

அந்தப் பயத்துக்கு மருந்து காகிதம்தான். அப்பாவிடம் இல்லாத காகிதம். இந்த நாட்டில் எஸ்.கே.எம். என்ற தொழில்திறன் சான்றிதழ் வாங்க எல்லாரும் திரும்ப வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்பதில்லை. வேலையிலேயே கற்றவர்களுக்குப் பி.பி.டி. என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகக் கொடுத்தால் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துத் தகுதியை முடிவு செய்வார். அதற்குப் பதிவேட்டு நகல், வேலை செய்யும் படம், பயிற்சிக்குப் போன சான்று எல்லாம் வேண்டும். ஐம்பது வயதில் உட்கார்ந்து தேடினால் எங்கே கிடைக்கும்? முதல் நாளிலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இது தெரிவதே இல்லை. கோயில் கூட்டத்தில் ஒரு மணி நேரம் மாலை மரியாதைக்குச் சண்டை போடுகிறோம், அதில் ஐந்து நிமிடம் இதைச் சொன்னால் என்ன?

இன்னொன்றும் இருக்கிறது. உள்நாட்டு ஊழியர்கள் 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் பெரும்பாலான தொழில்களில் முதலாளி, சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப் என்ற மனிதவள நிறுவனத்துக்குப் பயிற்சி வரியாகக் கட்டியாக வேண்டும். அந்தப் பணம் ஊழியர் பயிற்சிக்கென்றே அங்கே கிடக்கிறது. பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று கேட்பது கையேந்துவது ஆகாது. எந்தப் பயிற்சி, எத்தனை நாள், அதனால் ஆலைக்கு என்ன லாபம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டால், முடியாது என்று சொல்ல அவர்களுக்குத்தான் காரணம் தேட வேண்டியிருக்கும். நான் அப்படிக் கேட்டுத்தான் போனேன்.

நல்ல பெயர் எடுக்க வேண்டுமென்று சும்மா உழைப்பதையும் நான் ஏற்க மாட்டேன். 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது சட்டம். அதற்கு மேல் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு. ஓவர்டைமை எழுதாமல் விட்டால் முதலாளி நன்றியோடு நினைத்துப் பார்ப்பார் என்று எண்ணுகிறவர்கள் செக்ரோலில் பட்டைக்குக் கட்டம் தேடுகிறவர்கள். எழுதாத மணி நேரத்துக்குக் கூலியும் கிடையாது, சொக்சோ காப்புறுதிச் சந்தாவும் கிடையாது, ஞாபகமும் கிடையாது. ராத்திரி 12 மணிக்கு வாட்ஸ்அப்பில் "நோட்டட் பாஸ்" போடுகிற பழக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். பாய்லர் நின்றுபோனால் எந்நேரமும் எழுப்பலாம், வருவேன். நாளைக்கு வரப்போகும் விருந்தினருக்கு எத்தனை பன்னீர்ப் பாட்டில் என்பதைக் காலையில் பேசிக்கொள்ளலாம்.

"நம்ம பையன்களுக்கு ஒடம்பு வளையாது" என்று ரோட்டோரக் கடையில் உட்கார்ந்து பேசுகிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளிக்கு வந்தது. செம்பனை அறுப்பில் ஓடி ஓடிக் குலை சேர்த்தால் கூடக் கிடைக்கலாம், அதற்கு வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆட்கள் வந்து உழைக்கிறார்கள். நம் பையன் ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் அதே வியர்வையைக் கூடுதல் விலைக்கு விற்கிறான் என்றால் சோம்பேறி என்று அர்த்தமா? கணக்குத் தெரிந்தவன் என்று அர்த்தம். அதே பையன் ஒரு வேலையில் ஆறு மாதம் தாண்டாமல் மாறிக்கொண்டே இருந்தால் அது வேறு பேச்சு. ஒரு பருவம் முழுக்கப் பார்க்காமல் எந்த வேலையின் திங்கட்கிழமையும் பிடிபடாது. எங்கள் ஆலையில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் குலை வந்து குவிகிறபோதுதான் யார் யார் எப்படி என்று தெரியும். அதற்கு முன்பே போய்விட்டால் பாவம், அவனைப் பற்றி நல்லதாகச் சொல்லவும் எங்களிடம் ஒன்றும் இருக்காது.

அண்ணன் மகனிடம் முதலில் கிடங்கின் மூலையில் திரும்பி வரும் சரக்கு இருக்கும் இடத்துக்குப் போய் நிற்கச் சொன்னேன். பசியாறும் நேரத்தில் போனால் போதும், அங்கே வேலை செய்கிறவருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடு என்றேன். போனானாம். அந்த ஆள் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை என்று அலுத்துக்கொள்கிறான். நல்ல ஆள் கிடைத்திருக்கிறார். அடுத்த மாதம் ஃபோர்க்லிஃப்ட் பயிற்சிக்கு இவன் பெயரையும் எழுதியிருக்கிறார்களாம். கட்டணத்தை இவன் சம்பளத்தில் பிடிக்கப் போகிறார்களா, பயிற்சி வரியிலிருந்து கட்டுகிறார்களா என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை. கூச்சமாக இருக்கிறதாம்.